கொய்யாக்காரர் வந்த நேரத்தில் ஒரு புள்ளி

"பஸ்ஸு மலை மேல ஏறுது, அப்புறம் சமமான ரோட்ல போவுது, அப்புறம் இன்னொரு பெரிய மலை ஏறுது. இதுல இன்னா மாமா தப்பு?"

அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள். பரீட்சைத் தாளை என் முன்னால் போட்டுவிட்டு இப்படிக் கேட்டாள். ஒரு பேருந்தின் தொலைவு–காலம் வரைபடத்தைக் கொடுத்து அதன் இயக்கத்தை விவரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஐந்து மதிப்பெண். கோடு கொஞ்ச தூரம் சாய்ந்து மேலே போகிறது, பிறகு படுத்துக்கொள்கிறது, அப்புறம் முன்பைவிட நிமிர்ந்து ஏறுகிறது. அவள் எழுதிய விடையைத்தான் மேலே படித்தீர்கள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு சுழி. ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவர்களுக்கு அதற்கு நேரம் எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் ஒரு வரி.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் வயதில் நானும் அந்தக் கோட்டை ரோடாகத்தான் பார்த்தேன். படத்தில் பேருந்து என்று எழுதியிருக்கிறது, ஒரு கோடு மேலே ஏறுகிறது, வேறு எப்படிப் பார்ப்பது? அந்தக் கோடு ரோடு இல்லை. பஸ் எந்தப் பக்கம் போனது, ஏறியதா இறங்கியதா என்பதெல்லாம் அதில் கிடையவே கிடையாது. இத்தனை நேரம் ஆனபோது இத்தனை தூரம் போயிருந்தது, அவ்வளவுதான் அது சொல்லும். படுத்திருக்கும் கோடு சமமான ரோடு இல்லை, பஸ் நிற்கிறது. நேரம் மட்டும் ஓடுகிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

இதை நான் சொன்னதும் அவள் தலையாட்டிய விதத்திலேயே புரியவில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் ஏலகிரிக்குப் போனோம், மனசுக்குள்தான். வாணியம்பாடியில் ஏறினால் பொன்னேரி வரை சமவெளி, பஸ் பறக்கும். அதற்கப்புறம் பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பாரி, ஓரி, கபிலர் என்று புலவர் பெயரும் வள்ளல் பெயருமாக வைத்திருப்பார்கள். அங்கே பஸ் முனகிக்கொண்டு ஊரும். "இப்போ கோடு எங்கே நிமிர்ந்து நிற்கும், எங்கே படுக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விரலால் மேசையில் கோடு போட்டுப் பார்த்தவள், "அய்ய, மலை ஏறும்போதுதான் கோடு படுக்குது!" என்றாள். ஆமாம். பஸ் மெதுவாகப் போனால் அதே நேரத்தில் குறைந்த தூரம்தான் போகும், கோடு சரியும். ரோடு நிமிர நிமிர வரைபடம் படுக்கும். இந்த ஒரு எடுத்துக்காட்டைப் பாடப்புத்தகத்தில் வைத்திருந்தால் எத்தனை சுழி மிச்சமாகியிருக்கும்.

நான் பெரிய படிப்பெல்லாம் படித்தவன் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு ராணிப்பேட்டை பக்கம் தோல் ஃபினிஷிங்கில் சேர்ந்தவன், இருபது வருஷமாக அதிலேயே ஓடுகிறது. ஆனால் அளப்பதுதான் என் பிழைப்பு. தோல் எத்தனை சதுர அடி, எத்தனை மில்லிமீட்டர் கனம், இந்த இரண்டும் தப்பினால் பணம் போய்விடும். அதனால் ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதலில் வரும் அளவீடு, இயக்கம் என்ற இரண்டு பாடத்தையும் பார்த்தபோது பயம் வரவில்லை, பழகிய ஆட்களைப் புதுச் சட்டையில் பார்ப்பது போல இருந்தது. மீச்சிற்றளவு என்று ஒரு சொல். ஒரு கருவியால் அளக்க முடிகிற ஆகச் சின்ன அளவு. எங்கள் பழைய அளவு மெஷின் கால் சதுர அடிக்குக் கீழே காட்டாது, அதுதான் அதன் மீச்சிற்றளவு. சுழிப்பிழை என்று இன்னொரு சொல். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு சோகக் கதையே இருக்கிறது.

பல வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் தோலின் கனம் பார்க்கும் கேஜ் ஒன்று, இடையில் ஒன்றும் வைக்காமல் மூடினாலே 0.1 மில்லிமீட்டர் காட்டிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். ஒவ்வொரு தோலிலும் நாலு இடத்தில் அளந்தோம், எல்லா இடத்திலும் 1.2, 1.2, 1.2 என்று அழகாக வந்தது. அனுப்பிய சரக்கு திரும்பி வந்தது, அங்கே அளந்தால் 1.1 தான் இருக்கிறது என்று. திரும்பத் திரும்ப ஒரே எண் வருகிறதே என்று நாங்கள் நம்பியதுதான் தப்பு. ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது நுட்பம். அந்த எண் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது துல்லியம். பாடத்தில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு தருக என்று இரண்டு மதிப்பெண்ணில் கேட்பார்கள், எனக்கு அது ஒரு லாட் தோல். அன்றிலிருந்து எந்தக் கேஜைக் கையில் எடுத்தாலும் முதலில் வெறுமனே மூடி முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். வீட்டில் ஸ்கேல் எடுத்தாலும் நுனி உடைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன், அக்கா கேலி செய்வாள்.

அலகு என்றால் என்ன என்று கேட்டபோது பூக்காரம்மாவைச் சொன்னேன். முழம் கணக்கில் மல்லிப்பூ வாங்கினால் விற்கிறவர் கைதான் அளவு. அவருக்குக் கை குட்டை என்றால் நமக்குப் பூ குறையும், அதிலும் முழங்கையை லேசாக மடக்கினால் கேட்கவே வேண்டாம். உலகம் முழுக்க ஒரே முழம் வேண்டும் என்று கேட்டதில் வந்ததுதான் மீட்டர். இப்போது அதை எந்த ஆளின் கையையும் எந்த உலோகக் கோலையும் நம்பி வைக்கவில்லை. ஒளி வெற்றிடத்தில் ஒரு விநாடியின் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் போகும் தூரம் என்று 1983-ல் முடிவு செய்துவிட்டார்கள். "ஒளிக்குக் கை மடங்காது" என்றாள் அவள். நல்லா இருந்தது.

உலோகக் கோலை ஏன் நம்பக்கூடாது என்பதற்கும் நம் பக்கத்திலேயே கதை இருக்கிறது. 1802 ஏப்ரல் 10-ல் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார், இந்தியா முழுவதையும் அளந்த பெரிய நில அளவை அங்கேதான் தொடங்கியது. ஏழரை மைல் நீளம், 100 அடி எஃகுச் சங்கிலி, 57 நாள். சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளந்தார். ஏனென்றால் வெயிலில் இரும்பு நீளும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம்: பத்து டிகிரி சூடு ஏறினால் 100 அடிச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் சொச்சம் நீளும், இத்தனூண்டுதான், ஆனால் ஏழரை மைலுக்கு அந்தச் சங்கிலியை 396 தடவை போட வேண்டும், சேர்த்தால் ஒன்றரை மீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வேலூர் மே மாத வெயிலில் காலையும் மத்தியானமும் ஒரே சங்கிலியால் அளந்தால் ரெண்டும் ஒத்துப்போகாது என்று அர்த்தம்.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். எவ்வளவு சொன்னாலும் யாரோ வரைந்த கோடு யாரோ வரைந்த கோடுதான், அவளே அளந்து அவளே புள்ளி வைத்தால்தான் பிடிபடும் என்று தோன்றியது. பஸ்ஸில் டிராஃபிக், ஸ்பீடு பிரேக்கர், அளக்க விடாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காட்பாடியில் ஜோலார்பேட்டை பாசஞ்சர் ஏறினோம். ரயில் என்றால் வடாற்காட்டுக்காரனுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது. அதே தடம்தான் நீண்டு நீண்டு இப்படி வந்திருக்கிறது.

ரயிலில் அளப்பதற்கு ஒரு பெரிய வசதி, தூரம் ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறது. மின்கம்பி தாங்கும் கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொன்றிலும் மேலே ஒரு எண், கோடு, கீழே ஒரு எண் இருக்கும். மேலே 145, கீழே 7 என்றால் 145-வது கிலோமீட்டரில் 7-ம் எண் கம்பம். கணக்கு சென்னை சென்ட்ரலிலிருந்து ஓடுகிறது. அதுதான் ஆதிப்புள்ளி. காட்பாடி ஏறக்குறைய 130, ஜோலார்பேட்டை 213 சொச்சம். நமக்கு ஆதிப்புள்ளி சென்ட்ரலாக இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை, நாம் அளக்க ஆரம்பிக்கிற கம்பத்தைச் சுழி என்று வைத்துக்கொள்ளலாம். கோடு மொத்தமாக மேலேயோ கீழேயோ நகரும், சாய்வு மாறாது.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஒரு வேலை செய்தோம். நம் விரல் எத்தனை மந்தம் என்று பார்க்க. 30 செ.மீ. ஸ்கேலை நான் மேலே செங்குத்தாகப் பிடித்துக்கொள்ள, கீழே சுழிக்குப் பக்கத்தில் அவள் விரலை அகட்டி வைத்துக்கொள்ள வேண்டும், நான் சொல்லாமல் விடுவேன், அவள் பிடிக்க வேண்டும். 18 செ.மீ.யில் பிடித்தாள். ஸ்கேல் 18 செ.மீ. விழுவதற்கு ஆகும் நேரம் 0.19 விநாடி. என் முறை வந்தபோது 26 செ.மீ., அதாவது 0.23 விநாடி. வயசு. ஆக, செல்போன் ஸ்டாப்வாட்ச் 38.47 என்று நூறில் ஒரு பங்கு வரை காட்டினாலும் கடைசி இரண்டு இலக்கமும் நம் விரலுக்குத் தெரியாத சங்கதி. 38 என்று எழுதினால் அது நேர்மை. ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரே விரல் ஒரே அளவு தாமதம் செய்வதால் ஓரளவு கழிந்துவிடும் என்றும் சொன்னேன், அதை அவள் நம்பவில்லை, "ஆரம்பத்துல தூக்கம் வந்தா?" என்று கேட்டாள். அதுவும் நியாயம்தான்.

வண்டியில் ஜன்னலோரம் அவளுக்கு. ஒரு பக்கம் பாலாறு, தண்ணி இல்லாத பாலாறு. நடுவில் ஒரு ஸ்டேஷனில் எங்கள் பெட்டிக்கு நேர் எதிரே 7 என்று முடியும் கம்பம் ஒன்று நின்றது. அதையே தொடக்கமாக வைத்துக்கொண்டோம், வண்டி அசைந்ததும் ஸ்டாப்வாட்சைத் தட்டி, ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அதே 7 வரும்போது நேரம் எழுத வேண்டும். என் போனில் ஜிபிஎஸ் வைத்து வேகம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டிருந்தேன், இருபது விநாடிக்கு ஒரு தடவை அதை நான் எழுதிக்கொண்டேன். ஏழு கிலோமீட்டர் வரை நடந்தது. அதற்குப் பிறகு அடுத்த ஸ்டேஷன் வந்துவிட்டது.

கிலோமீட்டர் ஒவ்வொன்றுக்கும் அவள் நோட்டில் வந்த விநாடிகள்: 95, 48, 40, 43, 33, 40, 66. கூட்டினால் 365.

7,000 மீட்டரை 365-ஆல் வகுத்தால் விநாடிக்கு 19.2 மீட்டர், மணிக்கு 69 கி.மீ. இதுதான் சராசரி வேகம். ஆனால் வண்டி அந்த ஆறு நிமிஷத்தில் 69-ல் ஓடியது மொத்தமாக ஒன்றிரண்டு நொடி இருக்கும், வேகம் பிடிக்கும்போது ஒரு தடவை அதைத் தாண்டிப் போனது, குறையும்போது ஒரு தடவை தாண்டி வந்தது. சராசரி என்பதே அப்படிப்பட்ட ஆள்தான், எல்லாருக்கும் பொதுவாக இருப்பார், வீட்டில் பார்க்கப் போனால் இருக்க மாட்டார்.

(ஒரு சுருக்கு வழி: 3600-ஐ ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். 40 விநாடி என்றால் 90, 36 என்றால் 100. அடுத்த தடவை ரயிலில் போர் அடித்தால் செய்து பாருங்கள்.)

ராத்திரி வீட்டில் வரைபடத்தாள் விரித்தோம். முதல் தாள் வீண். அகல வாக்கில் ஒரு சென்டிமீட்டருக்கு 100 விநாடி என்று அளவுத்திட்டம் எடுத்துவிட்டாள், மொத்தப் பயணமும் தாளின் ஒரு மூலையில் எறும்பு போல ஒடுங்கிக்கொண்டது. இரண்டாவது தாளில் 1 செ.மீ.க்கு 20 விநாடி, தாள் முழுக்கப் பரந்து உட்கார்ந்தது. எக்ஸ் அச்சில் காலம், ஒய் அச்சில் தொலைவு. இங்கே அவள் ஒரு கேள்வி கேட்டாள், நல்ல கேள்வி. சாரா மாறியை எக்ஸ் அச்சில் போட வேண்டும், நாம் நம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுப்பது சாரா மாறி, அதனால் மாறுவது சார்ந்த மாறி என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் நாம் தேர்ந்தெடுத்தது கிலோமீட்டரைத்தானே, நேரத்தைத்தானே அளந்தோம், அப்படியானால் தொலைவுதானே கீழே வர வேண்டும்? எனக்கும் ஒரு நிமிஷம் ஆடிப்போனது. அவள் சொல்வது சரிதான், எங்கள் சோதனையில் தொலைவுதான் நாங்கள் பிடித்து வைத்தது. ஆனாலும் காலத்தைக் கீழே போடுவதே வழக்கம், ஏனென்றால் அப்படிப் போட்டால்தான் கோட்டின் சாய்வு நேரடியாக வேகமாகும். மேலே எத்தனை மீட்டர் ஏறியது, அதற்குள் பக்கவாட்டில் எத்தனை விநாடி நகர்ந்தது, முதலாவதை இரண்டாவதால் வகு. மீட்டரை விநாடியால் வகுத்தால் வேகம். மாற்றிப் போட்டிருந்தால் சாய்வு என்பது ஒரு மீட்டருக்கு எத்தனை விநாடி என்று ஆகியிருக்கும், அதுவும் தப்பில்லை, மாரத்தான் ஓடுகிறவர்கள் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று அப்படித்தான் பேசுகிறார்கள்.

புள்ளிகள் வைத்தாயிற்று. முதலில் மெல்ல எழுந்து, பிறகு நிமிர்ந்து, கடைசியில் தலை சாய்ந்த ஒரு கோடு. எல்லாப் புள்ளியும் அந்த வளைவில் அழகாக உட்கார, நாலாவது மட்டும் வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. நோட்டில் பார்த்தால் நாலாவது கிலோமீட்டருக்கு 43 விநாடி, ஐந்தாவதுக்கு 33. நம் சுருக்கு வழியில் 33 என்றால் மணிக்கு 109. என் போன் அந்த நேரத்தில் 95-க்கு மேல் ஒரு தடவை கூடக் காட்டவில்லை. இரண்டையும் சேர்த்தால் 76 விநாடி, ஆளுக்குப் பாதி 38, அது மணிக்கு 94.7. போன் சொன்னதோடு அச்சாக ஒத்துப்போகிறது. அப்படியானால் வண்டி ஒழுங்காகத்தான் போயிருக்கிறது, நாலாவது கம்பத்தில் இவள்தான் ஐந்து விநாடி தாமதமாகத் தட்டியிருக்கிறாள்.

"கொய்யாக்காரரு!" என்று கத்தினாள். ஆமாம், அந்த இடத்தில்தான் கொய்யாப்பழக் கூடையோடு ஒருவர் வந்து ஜன்னலுக்கும் இவளுக்கும் நடுவில் நின்றார், நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன், கம்பம் கடந்துபோனது. மிளகாய்த்தூள் தடவிய கொய்யா. ஒரு தப்பான புள்ளியிலிருந்து என்ன நடந்தது என்று கண்டுபிடித்ததில் அவளுக்கு வந்த சந்தோஷம், மற்ற ஆறு சரியான புள்ளியில் வரவில்லை.

முடுக்கம் என்ற சொல்லைப் பற்றி அவளுக்கு ஒரு பயம் இருந்தது. முடுக்கிவிடுவது என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதுதான். வேகத்தை முடுக்குவது. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பி முதல் கிலோமீட்டர் முடியும்போது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்துக்கு அருகில் வந்திருந்தது, அதற்கு ஆனது 95 விநாடி. 20-ஐ 95-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.2. ஒவ்வொரு விநாடியும் அதன் வேகம், விநாடிக்கு 0.2 மீட்டர் என்ற கணக்கில் கூடிக்கொண்டே போனது. விநாடி இரண்டு தடவை வருவதுதான் குழப்புகிறது, ஒரு விநாடி வேகத்துக்கு உள்ளே இருப்பது, இன்னொன்று அந்த வேகம் மாற எடுத்துக்கொள்வது. மரத்திலிருந்து விழும் மாங்காய்க்கு இதே கணக்கு 9.8, அதாவது நம்ம பாசஞ்சரைப் போல ஐம்பது மடங்கு பக்கம். அதனால்தான் ரயில் கிளம்புவதே தெரியாமல் கிளம்புகிறது, மாங்காய் தலையில் விழுந்தால் தெரிகிறது. ஸ்டேஷன் வரும்போது வேகம் குறைந்ததே, அது எதிர் முடுக்கம்.

ஏலகிரி வளைவில் பஸ் ஒரே 20 கி.மீ.யில் திரும்பினாலும் முடுக்கம் உண்டு என்பதை மட்டும் அவளால் உடனே ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்பீடோமீட்டர் முள் அசையவே இல்லையே என்றாள். வேகம் மாறவில்லை, திசை மாறியது, திசையையும் சேர்த்துப் பிடித்தால்தான் திசைவேகம், அது மாறினாலே முடுக்கம். நம் உடம்பு பக்கத்து சீட்டுக்காரர் மேல் சாய்கிறதே, முள்ளுக்குத் தெரியாதது உடம்புக்குத் தெரிகிறது.

தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் வித்தியாசம் சொல்ல எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறார். அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலம் போவார். (1989 வரை திருவண்ணாமலையும் எங்கள் வடாற்காடு மாவட்டம்தான், பிரித்தார்கள், அப்புறம் 2019-ல் மிச்சத்தையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கிவிட்டார்கள்.) 14 கிலோமீட்டர், நாலு மணி நேரம், வேகம் மணிக்கு மூன்றரை கி.மீ. கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்பதால் இடப்பெயர்ச்சி சுழி, சராசரி திசைவேகமும் சுழி. கால் வீங்கி வந்து உட்கார்ந்த அம்மாவிடம் இவள் போய், "ஆயா, நீ எங்கியுமே போவல" என்று சொல்லிவிட்டாள். அறிவியலைச் சொல்வதற்கும் நேரம் காலம் இருக்கிறது.

எங்கள் ரயில் பயணமும் அதே கதைதான். திரும்பி வரும்போது கம்பத்தின் எண்கள் 213-லிருந்து இறங்கிக்கொண்டே வந்து காட்பாடியில் 130-ல் முடிந்தன. சென்ட்ரலிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறோம் என்று வரைந்தால் கோடு ஏறி, ஜோலார்பேட்டையில் சாப்பிட்ட நேரத்துக்குப் படுத்து, பிறகு இறங்கும். மொத்தம் கடந்த தொலைவு என்று வரைந்தால் அது இறங்கவே இறங்காது, வண்டியின் ஓடோமீட்டர் பின்னால் ஓடாதது போல. ஒய் அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கோட்டைப் படிக்கக்கூடாது என்பது இங்கேதான் அவளுக்கு உறைத்தது.

கடைசியாக, நான் சொல்ல ஆசைப்பட்டு இத்தனை நேரம் காத்திருந்த சங்கதி. திசைவேகம்–காலம் வரைபடத்தில் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் கடந்த தொலைவு என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். "பரப்பு எப்படி மாமா தூரமாவும்? பரப்புன்னா சதுர அடியில்ல?"

எங்கள் தொழிலில் பழைய அளவு மெஷின் ஒன்று உண்டு. ஒரு தண்டில் வரிசையாகச் சக்கரங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் பின் பின்னாக இருக்கும். தோல் ஒன்று என்ன வடிவம் என்று யாராலும் சொல்ல முடியாது, கழுத்து, கால், வால் என்று எட்டுத் திக்கும் நீட்டிக்கொண்டிருக்கும், நீளம் இன்டு அகலம் என்ற பேச்சே எடுபடாது. அதை அந்தச் சக்கரங்களுக்கு அடியில் தள்ளுவோம். தோல் படுகிற இடத்தில் பின் அமுங்கும், படாத இடத்தில் அமுங்காது. ஒவ்வொரு சக்கரமும் தனக்குக் கீழே எத்தனை நீளம் தோல் போனது என்று மட்டும் எண்ணும், அதற்குப் பக்கத்துச் சக்கரத்தைப் பற்றிக் கவலை இல்லை. ஒவ்வொரு நீளத்தையும் சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள இடைவெளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் பரப்பு. தோலை மெல்லிய பட்டை பட்டையாக மனசுக்குள் வெட்டி, பட்டைகளைக் கூட்டுகிறது மெஷின், வேறொன்றுமில்லை.

வேக வரைபடத்தையும் அப்படியே பட்டை பட்டையாக வெட்டு என்றேன். ஒரு பட்டை 20 விநாடி அகலம். அந்த 20 விநாடியில் வேகம் விநாடிக்கு 25 மீட்டர் என்றால் எத்தனை தூரம் போகும்? 500 மீட்டர். அதுதான் அந்தப் பட்டையின் உயரம் பெருக்கல் அகலம். அடியை அடியால் பெருக்கினால் சதுர அடி, வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம். பட்டைகளைக் கூட்டு, பயணம் வந்துவிடும். அவள் ஒன்றும் பேசாமல் என் போனில் எழுதி வைத்த வேகங்களை எடுத்து, 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்து விநாடிக்கு மீட்டராக மாற்றி, புதுத் தாளில் 1 செ.மீ.க்கு 20 விநாடி, 1 செ.மீ.க்கு விநாடிக்கு 5 மீட்டர் வேகம் என்று போட்டாள். ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் 100 மீட்டர். பிறகு உட்கார்ந்து கட்டம் எண்ணினாள். பாதிக்கு மேல் இருந்தால் ஒன்று, பாதிக்குக் கீழ் இருந்தால் விட்டுவிடு, தோல் மெஷின் வராத காலத்தில் தோலுக்கும் இப்படித்தான் எண்ணியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எழுபத்தொன்றரை கட்டம் வந்தது. 7,150 மீட்டர். கம்பக் கணக்கில் 7,000.

150 மீட்டர் அதிகம், நூற்றுக்கு இரண்டு சொச்சம். எங்கிருந்து வந்தது அது? செயலி வேகத்தை ஒரு நொடி பிந்திக் காட்டும், நான் 88-ஐயும் 87-ஐயும் கண்ணாடி இல்லாமல் படித்திருப்பேன், ஒரு 7-ம் கம்பத்துக்கும் அடுத்த 7-ம் கம்பத்துக்கும் நடுவே சரியாக ஆயிரம் மீட்டர் என்பது எங்கள் நம்பிக்கைதான், யாரும் டேப் வைத்துப் பார்க்கவில்லை. அந்த வேகத்தில் விரல் 0.2 விநாடி தயங்கினாலே ரயில் ஐந்து மீட்டர் தாண்டிப் போயிருக்கும். இரண்டு சதவீதத்துக்கு நான் ரொம்பவே சந்தோஷப்பட்டேன், எங்கள் தொழிலில் இரண்டு சதவீதத்துக்கே சண்டை வரும், அது வேறு விஷயம். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளை வைத்து ஒரு கணக்கு, ரயில்வே பெயிண்ட் அடித்த எண்ணை வைத்து ஒரு கணக்கு, இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாமல் தனித்தனியாக வந்து இத்தனை பக்கத்தில் நின்றன.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக நல்ல தாளில் திரும்ப வரைந்தாள். தலைப்பு, அச்சுகளின் பெயர், அலகு, அளவுத்திட்டம், எல்லாம் இந்தத் தடவை கேட்காமலே எழுதினாள். நாலாவது புள்ளியை 221 விநாடிக்கு நகர்த்திவிடு, அதுதான் சரியான இடம் என்று நமக்குத் தெரிந்துவிட்டதே, பார்க்கவும் லட்சணமாக இருக்கும் என்று சொன்னேன். முடியாது என்றுவிட்டாள். நோட்டில் இருந்தபடி 226-லேயே வைத்து, வளைவை அதன் மேல் இழுக்காமல் பக்கத்தில் விட்டு, சின்னதாக ஒரு வட்டம் போட்டு, "கொய்யாப்பழம்" என்று எழுதினாள்.

"டீச்சர் கேட்டா?"

"சொல்லுவேன். அவரு வந்தது நெசம்தானே மாமா."